விபத்து வழக்கில் தவறு யாருடையது? காகிதங்களைப் படிக்கும் முறை

இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியோடுதான் வருகிறார்கள்: "அவன்தான் வக்கீலம்மா, வேகமா வந்து இடிச்சிட்டான்." இருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு ஓட்டுநரும் தன் வக்கீலிடம் போய் இதே வரியைத்தான் சொல்லியிருப்பார். அரை நொடியில் முடிந்துபோனதை இருவரும் அவரவர் இருக்கையிலிருந்து பார்த்தார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி பார்க்கவே இல்லை. அவர் மேசைக்கு வருவது ஐந்தாறு காகிதங்களும் இரண்டு மூன்று சாட்சிகளும்தான்.

நான் விழுப்புரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் எம்.சி.ஓ.பி. வழக்குகள், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள், நடத்துகிறேன். ஜூனியராக இருந்த காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆஜராகும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவர்கள் வழக்குக் கட்டைப் பிரித்ததும் முதலில் எந்தக் காகிதத்தைத் தேடுவார்கள் என்பது அங்கே பழகியதுதான். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். வக்கீல் வைத்துக்கொண்டாலும் இதெல்லாம் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். முதல் பத்து நாளில் ஆவணங்கள் உருவாகும்போது வக்கீல் கூட இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

எதை நிரூபிக்க வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. 164ஆவது பிரிவில் போனால் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அதோடு சரி. 166ஆவது பிரிவில் போனால் வயது, வருமானம், நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு முழு இழப்பீடு கேட்கலாம். ஆனால் அங்கே எதிர் வாகன ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் போய்விட்ட குடும்பத்துக்கு 166தான் வழி. ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் 166 பற்றி.

கவனக்குறைவு என்றால் வேகம் மட்டும் என்று நினைக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தவரும் கவனக்குறைவாக வந்திருக்க முடியும். கேள்வி இரண்டுதான்: அந்த இடத்தில் ஓட்டுநர் செய்ய வேண்டியது எது, செய்யாமல் விட்டது எது? அப்படி விட்டதால்தான் மோதல் நடந்ததா? இரண்டாவது கேள்வியைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கீழே லைசென்ஸ், ஹெல்மெட் பற்றிச் சொல்லும்போது அதன் அருமை தெரியும்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும்? குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1980இல் நம் மாநிலத்திலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு ஒன்று. இரவில் போன பேருந்து, தாழ்வாகத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் 'கடவுள் செயல்' என்று சொல்லி ஓட்டுநரை விடுவித்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்காமல், குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டுப் பொறுப்பு போகாது என்றார். எனவே "டிரைவரை விட்டுட்டாங்களே, இனி நம்ம கேஸ் என்னாகும்" என்று யாரும் பதற வேண்டாம்.

எஃப்.ஐ.ஆரும் ஏ.ஆர். காப்பியும்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்ற வரி நம்மூர் எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வரிக்காக யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. எஃப்.ஐ.ஆரில் பார்க்க வேண்டியது வேறு. புகார் கொடுத்தவர் நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டு வந்த மாமாவா? விபத்து நடந்த நேரத்துக்கும் புகார் பதிவான நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? வண்டி எண் முதல் புகாரிலேயே இருக்கிறதா, பிறகு சேர்ந்ததா? எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனார்கள் என்று எழுதியிருப்பது வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா?

தாமதம் ஆனால் வழக்கு செத்துவிடாது. ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் ஸ்டேஷனுக்கு மறுநாள்தான் போவார்கள். எந்தத் தீர்ப்பாயத்துக்கும் அது தெரியும். ஆனால் தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். குறுக்கு விசாரணையில்தான் முதன்முறையாகச் சொன்னால், ஜோடித்தது போல ஆகிவிடும்.

எஃப்.ஐ.ஆரை நீங்கள் ஆவணமாகத் தாக்கல் செய்தால் முழுவதும் உள்ளே வரும். சாதகமான பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறுக்க முடியாது என்று 2007இல் பிரேம்லதா சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மேலேயே தவறு என்று எழுதியிருக்கும் எஃப்.ஐ.ஆரை, எண்ணுக்காகவும் தேதிக்காகவும் மட்டும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு முதலில் தேடும் காகிதம் எஃப்.ஐ.ஆர். இல்லை. ஏ.ஆர். காப்பி. அரசு மருத்துவமனையில் அடிபட்டவரைக் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் என்று போயிருந்தால் இரண்டு இடத்திலும் பதிவு இருக்கும், இரண்டையும் வாங்குங்கள். யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று நாலு வரி இருக்கும். அதில் 'ஸ்கிட் அண்ட் ஃபால்' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று தீபாவளி. தானாக வழுக்கி விழுந்தவர், மூன்று நாள் கழித்து ஒரு காரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்பார்.

மருத்துவர் வேண்டுமென்று எழுதுவதில்லை. விபத்தைப் பார்க்காத ஒருவர், "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்" என்று சொல்லியிருப்பார். அதனால் ஆஸ்பத்திரியில் நிற்கும் உறவினர் பதிவு எழுதும்போதே பக்கத்தில் இருந்து, எந்த வண்டி மோதியது என்று தெரிந்தால் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே தவறாக எழுதியாகிவிட்டதா? கொண்டுவந்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரைச் சாட்சியாக அழையுங்கள். 108இல் வந்திருந்தால் எந்த இடத்திலிருந்து எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்ற பதிவு அங்கே இருக்கும், அதுவும் உதவும்.

வரைபடமும் வாகன ஆய்வாளர் அறிக்கையும்

என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் வழக்கின் உயிர். மற்றதெல்லாம் மனிதர்கள் சொன்னது. இவற்றில் இருப்பது சாலையும் இரும்பும்.

போலீஸ் தயாரிக்கும் மாதிரி வரைபடத்தில் சாலையின் அகலம், திசை, மோதிய இடத்தைக் காட்டும் பெருக்கல் குறி இருக்கும். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் ரத்தக்கறை, உடைந்த கண்ணாடி, பிரேக் தடம் பற்றி எழுதியிருப்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் வண்டி வாரியாக எந்தப் பாகம் நசுங்கியது என்ற பட்டியலும், விபத்து இயந்திரக் கோளாறால் நடந்ததா என்ற முடிவும் இருக்கும்.

சேர்த்துப் படிப்பது எப்படி? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாலை தெற்கு வடக்காகப் போகிறது. அகலம் 7 மீட்டர். நடுவில் தடுப்பு இல்லை. பைக் வடக்கு நோக்கிப் போகிறது. நம்மூர் இடப்பக்க விதிப்படி அது மேற்குப் பாதியில் இருக்க வேண்டும். எதிரே கார் தெற்கு நோக்கி வருகிறது. அதற்குரியது கிழக்குப் பாதி. பெருக்கல் குறி மேற்கு ஓரத்திலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது மூன்றரை மீட்டர். அப்படியானால் மோதல் நடந்தது பைக்குக்கு உரிய பாதியில். கார்தான் கோட்டைத் தாண்டி வந்திருக்கிறது.

இப்போது ஆய்வாளர் அறிக்கையை எடுங்கள். கார் தன் வலப்பக்கமாகக் கோட்டைத் தாண்டி வந்து மோதியிருந்தால், பெரும்பாலும் காரின் முன் வலது மூலையும் பைக்கின் முன் ஃபோர்க்கும் வலது கைப்பிடிப் பக்கமும் அடிபட்டிருக்கும். அறிக்கையும் அதையே சொன்னால் வலுவான வழக்கு. காரின் முன் இடது மூலை நசுங்கியிருக்கிறது என்றால் நிதானியுங்கள். பைக் காருக்கு முன்னால் குறுக்கே போய் அதன் இடப்பக்கம் வரை சென்றதா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் இருக்கிறதா என்று மனு போடும் முன்பே யோசிக்க வேண்டும்.

பேருந்தின் முகப்பு சும்மா இருந்து, பக்கவாட்டில் நடுத் தகடு நசுங்கியிருந்தால், பேருந்து பாதி கடந்த பிறகு மற்ற வண்டி வந்து மோதியிருக்கவே வாய்ப்பு அதிகம். பின் பம்பர் அடிபட்ட வண்டி முன்னால் போனது, முன் பக்கம் அடிபட்ட வண்டி பின்னால் வந்தது. இதெல்லாம் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் சாட்சி சொல்வதும் இரும்பு சொல்வதும் முட்டிக்கொள்ளும் வழக்குகள் நிறைய. பழைய நசுங்கலும் புதிய நசுங்கலும் ஒரே பட்டியலில் கலந்திருப்பதும் உண்டு. அதனால் வண்டிகள் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கும்போதே, விடுவிப்பதற்கு முன், இரண்டு வண்டியையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வண்டியைப் படம் எடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

வரைபடத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அளவுகோல் வைத்து வரைவது அபூர்வம். மோதிய பிறகு வண்டிகள் எங்கே போய் நின்றன என்பதற்கும் எங்கே மோதின என்பதற்கும் பல மீட்டர் வித்தியாசம் இருக்கலாம். வண்டிகள் கிடந்த நிலையை மட்டும் வைத்து இறந்தவர் மேல் பங்குத் தவறு (மோதலுக்கு அவரும் ஒரு பங்கு காரணம் என்பது) சொல்லிவிட முடியாது என்று 2013இல் ஜிஜு குருவிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான். நான் முக்கியமான வழக்குகளில் டேப் எடுத்துக்கொண்டு இடத்துக்கே போய்விடுவேன், விபத்து நடந்த அதே நேரத்துக்கு. மாலை ஆறரைக்கு அந்த வளைவில் எதிர் வெயில் எப்படி விழுகிறது, தெருவிளக்கு எரிகிறதா, புளியமரம் மறைக்கிறதா என்பதெல்லாம் வரைபடத்தில் வராது.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் வகைகள்

பின்னாலிருந்து மோதினால் பின்னால் வந்தவர் தவறு என்பது பொது நினைப்பு. பெரும்பாலும் சரிதான்; முன்னே போகும் வண்டி திடீரென்று நின்றாலும் நிறுத்தக்கூடிய இடைவெளி விட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகளும் சொல்கின்றன. 2018இல் நிஷான் சிங் வழக்கில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது என்ற வாதம் எடுபடவில்லை. இடைவெளி விடாமல் போன கார் மேல்தான் தவறு என்று முடிந்தது.

ஆனால் ஓடும் லாரி வேறு, நிற்கும் லாரி வேறு. உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் பக்கம் நாற்கரச் சாலையில் இரவில் விளக்கில்லாமல் ஓரம்கட்டி நிற்கும் லாரிகள், அரவைக் காலத்தில் பின்னால் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்கூட இல்லாமல் போகும் கரும்பு டிராக்டர்கள். இவற்றின் பின்னால் மோதி இறந்தவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். பதிவாவதைப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று சட்டத்தின் 122ஆவது பிரிவே சொல்கிறது. நடுச்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் நின்ற எரிவாயு டேங்கரில் மோதிய ஆர்ச்சித் சைனி வழக்கில் (2018), காரில் போனவர்கள் மேல் பங்குத் தவறு சுமத்த உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த மாதிரி வழக்கில் உங்கள் வேலை: பார்க்கிங் விளக்கு எரிந்ததா, முக்கோணப் பலகையோ கல்லோ கிளையோ வைத்திருந்தார்களா, பின்பக்க ஒளிர் பட்டை இருந்ததா, தார்ச்சாலையில் எத்தனை அடி ஏறி நின்றது, அன்று நிலவு உண்டா. போட்டோவில் வண்டியின் பின்பக்கம் தெளிவாக இருக்க வேண்டும்.

கிராமத்துப் பிரிவில் மீடியன் இடைவெளியைக் கடக்கும் பைக்கும் நேராக வரும் பேருந்தும் மோதினால், பெரும்பாலும் இருவருக்கும் பங்கு போடுவார்கள். கடப்பவர் பார்த்துக் கடக்க வேண்டும். ஊர் என்று தெரிந்தும் வேகம் குறைக்காத பேருந்துக்கும் பொறுப்பு உண்டு. அங்கே ஊர்ப் பலகை, வேகத்தடுப்பு, பள்ளிக்கூட எச்சரிக்கை ஏதாவது இருந்தால் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். எதிலும் படாமல் கார் தானாகப் போய் மரத்தில் மோதி, உள்ளே இருந்த பயணி இறந்தால், நிகழ்ந்த விதமே கவனக்குறைவைச் சொல்கிறது. 'அப்படி இல்லை' என்று விளக்க வேண்டியது எதிர்த்தரப்பு. 1977இல் புஷ்பாபாய் வழக்கு அதற்கு.

ஷேர் ஆட்டோவில் போன பெண், ஆட்டோவும் பேருந்தும் மோதி அடிபட்டால், அவர் மேல் எந்தத் தவறும் கிடையாது. இரண்டு ஓட்டுநர்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அவர் அலைய வேண்டியதும் இல்லை. இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத்தொகையைக் கேட்கலாம் என்று 2015இல் கென்யெய் வழக்கு சொல்கிறது. ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"உங்க மேலயும் தப்பு இருக்கே"

20 லட்சம் என்று கணக்கு வந்து, உங்கள் மேல் 25 சதவீதம் பங்கு என்று முடிவானால் 5 லட்சம் போய்விடும். இன்சூரன்ஸ் தரப்பு இதில்தான் மெனக்கெடும்.

லைசென்ஸ் இல்லை என்பார்கள். அடிபட்டவருக்கு லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம். அதனாலேயே மோதலுக்கு அவர் காரணமாகிவிடமாட்டார். 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கிலிருந்து இதுதான் நிலை. பைக்கில் மூன்று பேர் என்பார்கள். மூன்று பேர் போனதால் வண்டி தடுமாறி மோதல் நடந்தது, அல்லது அடி கூடியது என்று அவர்கள் காட்ட வேண்டும். வெறும் விதிமீறல் போதாது என்கிறது 2020இன் முகமது சித்திக் வழக்கு. ஹெல்மெட் இல்லாததற்காக ஒரு பங்கைக் கழிக்கும் தீர்ப்புகள் உண்டு. ஆனால் கால் உடைந்த வழக்கில் அந்த வாதம் எடுபடக் கூடாது. தலைக்காயம் என்றால் தயாராக இருங்கள். குடித்திருந்தார் என்பார்கள். ஏ.ஆரில் வாடை அடித்தது என்று எழுதியிருப்பதும் ரத்தப் பரிசோதனை முடிவும் ஒன்றல்ல. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பரிசோதனை நடந்ததா என்று முதலில் கேளுங்கள்.

உண்மையிலேயே இறந்தவர் மேல்தான் முழுத் தவறும் என்றால், நான் வருகிறவர்களிடம் அதை நேராகச் சொல்லிவிடுவேன். தன் தவறால் மட்டுமே இறந்தவருடைய குடும்பம் 166இல் கேட்க முடியாது. 2025 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் அதை மாற்றவில்லை. அப்போது பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டியிருந்தால் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் வரை இருக்கலாம். பிரீமியம் கட்டியும் இந்தத் தொகையைக் கேட்காமலே விட்ட வீடுகள் உண்டு.

சாட்சியும் கேமராவும்

நேரில் பார்த்தவர் கிடைத்தால், அவரிடம் எதிர்த்தரப்பு கேட்கப் போவது நாலு கேள்வி: எங்கே நின்றீர்கள், அங்கே என்ன வேலை, பார்த்த பிறகு என்ன செய்தீர்கள், போலீஸிடம் ஏன் சொல்லவில்லை. இதற்கு இயல்பாகப் பதில் சொல்கிறவர் போதும். மனப்பாடம் செய்வித்துக் கூட்டிவந்தால் மூன்றாவது கேள்வியில் உளறுவார். குற்றப் பத்திரிகையில் அவர் பெயர் சாட்சியாக இல்லை என்பதற்காக மட்டும் அவரைத் தள்ளிவிட முடியாது. 2019இல் சுனிதா வழக்கு.

அதேபோல எதிர் ஓட்டுநர் கூண்டில் ஏறினாரா என்று பாருங்கள். பல வழக்குகளில் கவுண்டரில், அதாவது பதில் மனுவில், பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஓட்டுநரை அழைத்து வரமாட்டார்கள். மோதலைப் பற்றி நேரடியாகத் தெரிந்தவர் வாய் திறக்கவில்லை என்பதை உங்கள் வக்கீல் வாதத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். குற்ற வழக்கில் அவர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பின் நகலையும் சேருங்கள்.

கேமரா பதிவு சில நாளிலேயே அழிந்து அதன் மேல் புதிது பதிவாகிவிடும். பெட்ரோல் பங்க், டாஸ்மாக் எதிர்க் கடை, சுங்கச்சாவடி, பேருந்துக்குள் இருக்கும் கேமரா எதுவானாலும், பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, விசாரணை அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை அப்படியே காட்டினால் எதிர்ப்பு வரும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பதிவை எடுத்துக் கொடுக்கும் அன்றே அதையும் வாங்கிவிடுவது நல்லது.

நாள் கணக்கு

2022 ஏப்ரல் 1 முதல் மனுவுக்கு ஆறு மாத வரம்பு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அந்த வழக்குகளை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். போலீஸுக்கும் கெடு இருக்கிறது: முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில், இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான அறிக்கை 90 நாளில். விரிவான அறிக்கையோடு வரைபடமும் வாகன ஆய்வு அறிக்கையும் வர வேண்டும். விசாரணை அதிகாரியிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் பேச்சின் தொனி கொஞ்சம் மாறும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் விபத்து வழக்கு ஆவணங்களைப் பணம் கட்டி எடுக்கலாம்.

தீர்ப்பில் உங்கள் மேல் ஒரு சதவீதம் போட்டிருந்தால், அந்தப் பத்தியை மட்டும் தனியாகப் படியுங்கள். எந்த ஆவணத்தை வைத்து, எந்தச் சாட்சியை வைத்து அந்த எண் வந்தது என்று எழுதியிருக்கிறதா? 'இரு தரப்பு சூழ்நிலைகளையும் கருத்தில் கொண்டு' என்ற ஒரு வரிதான் இருக்கிறது என்றால், உயர் நீதிமன்றத்தில் அந்தச் சதவீதத்தை எதிர்த்துப் பேச இடம் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 90 நாள். வழக்கில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் மேல்முறையீடு கிடையாது.